வேலியில் காய்த்த காத்தோட்டி

காவிரிப் பாசனத்தில் பிறந்தவள், உப்புத் தண்ணீரில் வளரும் செடிகளைப் படிக்கிறேன் என்று யாழ்ப்பாணம் போனேன். 1984, மாசி மாதம். "போயும் போயும் இந்த நேரத்திலயா?" என்று மன்னார்குடியில் கேட்காத வாய் இல்லை. முந்தைய ஆடியில்தான் கொழும்பில் தமிழர்களின் வீடுகளையும் கடைகளையும் கொளுத்தியிருந்தார்கள். எனக்கோ உதவித்தொகை அதற்கு முன்பே கிடைத்துவிட்டது. வயது இருபத்து நான்கு, பிடிவாதம் அதைவிட அதிகம். எப்படிப் போனேன், எங்கே இறங்கினேன் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். கடலில் குடல் வெளியே வருமளவுக்கு வாந்தி எடுத்தேன் என்பது மட்டும் போதும்.

நான் படிக்க வேண்டிய செடிகள் தொண்டைமானாற்றில் இருந்தன. பெயரில்தான் ஆறு. உண்மையில் அது கடல் உள்ளே புகுந்து படுத்துக்கிடக்கும் கழி. குடாநாடு முழுக்கத் தேடினாலும் ஓடும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது என்று தெரிந்தபோது, வாசலில் வாய்க்கால் ஓடும் ஊர்க்காரிக்குத் தொண்டை வறண்டது. யாழ்ப்பாண நகரத்தில் தங்கினால் தினமும் கழிக்கு வந்து போக முடியாது என்று, எனக்கு வழிகாட்டிய பேராசிரியர் பக்கத்து ஊரான உடுப்பிட்டியில் ஒரு வீட்டில் அறை பேசி வைத்திருந்தார்.

வீட்டுக்காரர் கந்தையா வெங்காயமும் மிளகாயும் போடும் கமக்காரர். ஒல்லியான உடம்பு, ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். மனைவி பரமேஸ்வரி அவர் பேச்சையும் சேர்த்துத் தானே பேசுபவர். எங்கள் பக்கத்தில் 'மாமி' என்றால் அக்கிரகாரம்தான் நினைவுக்கு வரும். இங்கே வயதில் மூத்த பெண்கள் எல்லோருமே மாமி. முதல் நாளே நானும் மாமி, மாமா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டேன்.

மாமி என்னை முன்பக்க அறைக்குக் கூட்டிப் போனார். ஒரு கட்டில், ஒரு மேசை, அதன்மேல் ஓர் இளைஞனின் படம். சுவரில் போன வருடத்து நாட்காட்டி, ஆனி மாதத்தோடு நின்றிருந்தது. கொடியில் இரண்டு சட்டைகள் தோய்த்து மடிக்கப்பட்டுத் தொங்கின.

"உது குகன்ரை அறை. என்ரை மகன். கொழும்பிலை வேலை. அவன் வந்தால் நீர் உள்ளுக்கை எங்களோடை படுக்கலாம். அதுவரைக்கும் நீர் இந்த அறையைப் பாவியும். சட்டையளை மட்டும் எடுக்காதையும், என்ன?"

"சரி மாமி. எப்ப வருவார்?"

"வருவான்."

மாமா வாசல்படியில் நின்றுகொண்டிருந்தவர், தலையைக் குனிந்தபடி கிணற்றடிக்குப் போய்விட்டார். ஏதோ தகப்பன் மகன் மனத்தாங்கல் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் வேலிக்குள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. அங்கே வளவுக்கு வளவு, அதாவது மனைக்கு மனை, தென்னோலை பின்னிய கிடுகு வேலி. அந்த வேலியில் ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு இடைவெளி விட்டிருப்பார்கள். அதைப் பொட்டு என்பார்கள். வாசல் வழியாக வருபவர் விருந்தாளி. பொட்டு வழியாக வருபவர் வீட்டு மனிதர். இந்தத் தலைக்குச் சொந்தக்காரி பக்கத்து வளவுத் தங்கம் அக்கா. கலியாணமாகிப் போன மகளின் சைக்கிளை எனக்குக் கொடுத்து உதவியவர். கொடுக்கும்போதே குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, குகன் எங்கையெண்டு அவையளிட்டைக் கேட்டுப்போடாதையும்."

"கேட்டுட்டேனே அக்கா."

"ஐயோ, முருகா." அக்கா பொட்டுக்குள்ளேயே குந்திக்கொண்டு சொன்னார். குகன் கொழும்பில் ஓர் இரும்புக்கடையில் கணக்குப் பிள்ளை. கடைக்கு மேலேயே அறை. கலவரத்தில் கடை எரிந்தது. அறையில் கூட இருந்தவர்கள் அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து சேர்ந்தார்கள். ஒவ்வொரு கப்பலுக்கும் மாமா துறைமுகத்துக்குப் போனார். குகன் வரவில்லை. "கூட இருந்த பெடியன் ஒருத்தன் சொன்னவன், காலமை பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனவனாம். பேந்து காணேல்லையாம். உடம்பும் இல்லை, ஒரு சேதியும் இல்லை. பரமேசக்கா இருக்கிறான் எண்டுறா. அண்ணை ஒண்டும் கதைக்கிறேல்லை. நீர் வாறதாலை வீட்டிலை ஒரு சத்தம் கேக்குமெண்டு நானும் சந்தோசப்பட்டனான்."

வேடிக்கை என்னவென்றால், சத்தம் போட எனக்கே பயமாகிவிட்டது. மன்னார்குடியில் எங்கள் வீட்டில் வானொலி ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம், பால்காரர் ஒரு பக்கம் என்று காது கிழியும். உடுப்பிட்டி வீட்டில் பிட்டுக் குழலில் ஆவி வரும் சத்தம் கூடக் கேட்கும்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் போனால் நன்றி கெட்டவளாவேன். காலையில் பிட்டு, இரவில் இடியப்பம், இரண்டுக்கும் சொதி. சொதி என்பது தேங்காய்ப் பாலில் செய்த மஞ்சள் நிறக் குழம்பு. அதன் அருமை ஒரு வாரம் கழித்துத்தான் நாக்குக்குப் புரியும். கறிக்கு வறுத்து இடித்த மிளகாய்த்தூள் போடுவார்கள். முதல் நாள் எனக்குக் காதில் புகை வந்தது. காப்பி கிடையாது. தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே பனங்கட்டியைக் கடிக்க வேண்டும். சாம்பாருக்கு ஏங்கி நான் ஒரு நாள் கண் கலங்கியதை இங்கே பதிவு செய்கிறேன், சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

மாமியின் சமையலில் ஒரு பழக்கம் இருந்தது. எந்தக் கறியானாலும் இறக்கும் முன் கரண்டியால் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பார். கொதிக்கக் கொதிக்க. "சுடலையா மாமி?" என்றால், "என்ரை கை மரத்துப் போச்சு பிள்ளை. உப்புப் பாக்காமல் இறக்கினால் அது கறியே?" என்பார். குகன் சின்ன வயதில் உப்புக் குறைந்தாலும் சாப்பிடமாட்டானாம், கூடினாலும் சாப்பிடமாட்டானாம். கைப்பு என்றால் எழுந்தே போய்விடுவானாம். "பாவக்காய் சமைக்கிற அண்டைக்கு அவனுக்கு வேறை கறி. அவ்வளவு நாக்கு அவனுக்கு." இதைச் சொல்லும்போது மாமிக்குக் குரல் நன்றாகவே இருந்தது. மகன் அடுத்த ஊரில் இருப்பதுபோலத்தான் பேசுவார். கேட்டுக்கொண்டிருக்கும் எனக்குத்தான் சோறு இறங்காது.

பங்குனியில் வேலியில் ஒரு கொடி பூத்தது. முள் நிறைந்த கொடி. வெள்ளையாகப் பூத்து வாடும்போது சிவக்கும் பூ. செடி படிக்கிறவளுக்கு அதைத் தெரியாதா? எங்கள் பக்கத்தில் ஆதண்டை என்பார்கள். காயை மோரில் ஊறப்போட்டு, காயவைத்து, வற்றலாகப் பொரித்தால் ரசம் சாதத்துக்கு அமிர்தம். ஊர்ச் சாப்பாட்டை எதிர்பாராத இடத்தில் கண்ட சந்தோஷத்தில், "மாமி, இது காய்க்கட்டும், நான் வத்தல் போட்டுத் தரேன்" என்றேன்.

மாமி கையிலிருந்த தேங்காய்ப் பாதியைத் துருவுவதை நிறுத்தவில்லை. "உது காத்தோட்டி. இஞ்சை உதைச் சும்மா நாளையிலை சமைக்கிறேல்லைப் பிள்ளை" என்றார்.

அடுத்த நாள் காலையில் பார்த்தேன். மாமி கைவிரலில் துணியைச் சுற்றிக்கொண்டு அந்தக் கொடியின் பூக்களை ஒவ்வொன்றாகக் கிள்ளி வேலிக்கு அப்பால் ஒழுங்கைச் சந்தில் எறிந்துகொண்டிருந்தார். பிறகு வந்த பிஞ்சுகளையும் விடவில்லை. கொடியையே வெட்டியிருக்கலாம்; ஏனோ அதைச் செய்யவில்லை. நான் கேட்கவில்லை. ஒரு முறை கேட்டுப் பட்டது போதாதா?

வெள்ளிக்கிழமைகளில் மாமி செல்வச்சந்நிதிக்குப் போவார். தொண்டைமானாற்றுக் கரையில் இருக்கும் முருகன் கோயில் அது. நானும் செடி பறிக்கும் பையோடு கூடப் போவேன், அவர் நடக்க நான் சைக்கிளை உருட்டியபடி. எங்கள் ஊரில் ஒரு பெண் சைக்கிள் விட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். இங்கே பாட்டுப் பழகப் போகும் சிறுமி முதல் பள்ளிக்கூட ஆசிரியை வரை சைக்கிள்தான். நான் விழுந்து எழும்புவதைத்தான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கோயிலில் பூசை செய்பவர் வாயைத் துணியால் கட்டியிருப்பார். மந்திரம் எதுவும் காதில் விழாது. மாமியும் அப்படித்தான், ஒரு சொல் பேசாமல் முருகனின் வேலாயுதத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். நான் கழிக்கரையில் உமரிச் செடிகளை எண்ணிக் குறித்துவிட்டுத் திரும்பி வரும்போதும் அதே இடத்தில் நிற்பார்.

"ஆவணித் திருவிழாவுக்குக் கொடியேறின நாள் துடக்கம் ஒவ்வொரு நாளும் கற்பூரச்சட்டி எடுக்கிறதெண்டு நேர்ந்திருக்கிறன்" என்றார் ஒரு நாள் திரும்பும் வழியில். "திருவிழா முடியிறதுக்குள்ளை அவன் வந்திடுவான். வராட்டில் நான் முருகனோடை கதைக்கிறேல்லை." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குக் கழியின் உப்புக் காற்று கண்ணில் பட்டதுபோல எரிந்தது.

ஆனி மாதம் ஒரு நாள். நான் நகரத்தில் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போயிருந்தேன். மாமா இறைக்கும் இயந்திரத்துக்கு ஏதோ உதிரிப்பாகம் வாங்க வந்திருந்தார். இருவரும் சேர்ந்து திரும்பும்போது பேருந்து அச்சுவேலியோடு மூச்சை விட்டுவிட்டது. அங்கிருந்து தட்டிவான். இரண்டு பக்கமும் திறந்த பழைய வண்டி, பலகை இருக்கை. பின்தட்டியை இறக்கி வெங்காய மூட்டை, வாழைக்குலை, மனிதர் எல்லாவற்றையும் ஒரே மரியாதையோடு ஏற்றுவார்கள். என் காலடியில் ஒரு கோழி இருந்தது. எனக்கும் அதற்கும் இடத்தகராறு.

வல்லை வெளியில் வண்டி நின்றது. வல்லையைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்; மரம் இல்லை, வீடு இல்லை, இரண்டு பக்கமும் உவர்த் தரை, ஆளைத் தள்ளும் காற்று. வீதிக்குக் குறுக்கே இராணுவ வாகனம் ஒன்று நின்றிருந்தது. இளைஞர்களை எல்லாம் இறக்கித் தரையில் குந்த வைத்தார்கள். மாமா வண்டிக்குள் இருந்தபடியே அந்த இளைஞர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். குந்தியிருந்தவர்கள் அவர் ஊர்ப் பையன்கள், தெரிந்த முகங்கள். ஆனாலும் பார்த்தார்.

சிப்பாய் ஒருவன் எங்களிடம் வந்தான். அவனுக்கும் இருபது வயதுக்கு மேல் இராது. சிங்களத்தில் கேட்டான், வண்டியில் பணம் வாங்குபவர் மொழிபெயர்த்தார்.

"இந்தப் பிள்ளை ஆரெண்டு கேக்கிறார்."

"இந்தியாவிலையிருந்து படிக்க வந்த பிள்ளை. எங்கடை வீட்டிலை நிக்குது" என்றார் மாமா. என் பாஸ்போர்ட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தான்.

"வீட்டிலை மகன்மார் இருக்கினமோ எண்டு கேக்கிறார்."

மாமா உடனே சொன்னார். "இல்லை. மகன் இல்லை."

பணம் வாங்குபவர் உள்ளூர்க்காரர், குகனைத் தெரிந்தவர். ஒரு கணம் மாமாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு அப்படியே சிங்களத்தில் சொன்னார். சிப்பாய் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போனான்.

இளைஞர்களை விடும்வரை வண்டியை விடமாட்டோம் என்றார்கள். வயதானவர்களும் பெண்களும் நடக்கலாம் என்றார்கள். நடந்தோம். காற்றில் என் தாவணி மாமாவின் தோளில் அடித்துக்கொண்டே வந்தது. வெளி முடியும் இடத்தில்தான் அவர் பேசினார்.

"பயத்திலை சொன்னது பிள்ளை. இருக்கிறான் எண்டால் எங்கை, என்ன செய்யிறான் எண்டு கேப்பாங்கள். எனக்கு அதுக்கு மறுமொழி இல்லை."

"புரியுது மாமா."

"இல்லை, உமக்கு விளங்கேல்லை. சொல்லேக்கை வாய் கூசேல்லை. கூசியிருக்கவேணும் எல்லே? ஒரு வரியமா நெஞ்சுக்கை கிடந்தது போலை, கேட்ட உடனை வெளியிலை வந்திட்டுது." கொஞ்ச தூரம் நடந்தார். "வாயாலை சொல்லிப்போட்டன். இனி என்ரை பிள்ளையைப் பட்டினியா அலைய விடேலாது. செய்ய வேண்டியதைச் செய்யவேணும்."

அன்றுதான் அவர் என்னிடம் அவ்வளவு பேசினார். நான் உமரிச் செடிகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

அந்த வாரமே அவர் ஐயரைப் போய்ப் பார்த்தார். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, தட்டைப் பார்த்தபடி மாமியிடம் சொன்னார்.

"செத்த நாள் தெரியாதவைக்கு ஆடி அமாவாசையிலை செய்யலாமெண்டு ஐயர் சொல்லுறார். வாறது ஆடி. ஒரு வரியமாகுது."

மாமி என் தட்டில் இடியப்பம் வைத்துக்கொண்டிருந்தார். வைத்துக்கொண்டே இருந்தார். தட்டில் ஒரு கோபுரமே எழுந்துவிட்டது.

"பாண் வாங்கப் போனவனுக்குத் திவசமோ?" என்றார். "ஆர் கண்டது? நீங்கள் கண்டனியளோ? ஐயர் கண்டவரோ?"

"இஞ்சாருமப்பா…"

"செத்த வீடெண்டு ஆக்கிப் போட்டால் ஒரு வரியத்துக்குக் கொடியேறின கோயிலுக்குள்ளை கால் வைக்கேலாது. தெரியுமோ உங்களுக்கு? ஆர் கற்பூரச்சட்டி எடுக்கிறது? ஆர் சந்நிதியானைப் போய்க் கேக்கிறது என்ரை பிள்ளை எங்கையெண்டு? நீங்கள் போய்க் கேப்பியளோ?"

மாமா எழுந்து கையைக் கழுவினார். இடியப்பக் கோபுரத்தோடு நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். அவர்கள் இரண்டு பேருமே சரி என்றுதான் எனக்குப் பட்டது. அதுதான் கொடுமை. ஒருவருக்கு மகன் பட்டினியாக அலைகிறான். ஒருவருக்கு மகன் உயிரோடு வரப்போகிறான். ஒருவர் சோறு வைத்தால் மற்றவருடைய கோயில் கதவு அடைபடும்.

அன்றிலிருந்து அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. என்னைத் தபால்காரி ஆக்கிவிட்டார்கள். "மாமாட்டைச் சொல்லும், தேத்தண்ணி ஆறுதெண்டு." மாமா இரண்டடி தூரத்தில் நிற்பார். "மாமியிட்டைச் சொல்லும், குடிச்சிட்டன் எண்டு." வேறு வீடாக இருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பேன்.

தங்கம் அக்காவிடம்தான் காத்தோட்டிக் கொடியைப் பற்றிக் கேட்டேன். பொட்டுக்குள் உட்கார்ந்து விளக்கினார். யாழ்ப்பாணத்தில் ஆடி அமாவாசைக்குச் செத்தவர்களுக்குப் படைக்கும்போது காத்தோட்டிக்காய்க் கறி இல்லாமல் படையல் இல்லையாம். ஆண்கள் கீரிமலையில் தீர்த்தமாடிவிட்டு வருவார்கள். வீட்டில் அந்தக் காய் சமைத்திருக்கும். மாமாவின் தகப்பனுக்குரிய விரதச் சோறு வருடாவருடம் உடுவிலில் இருக்கும் அவர் தமையன் வீட்டில்தான். "இந்த வீட்டு அடுப்பிலை இதுவரைக்கும் காத்தோட்டி ஏறினதில்லை பிள்ளை. அதுதான் பரமேசக்கா பூவைக் கண்டாலே கிள்ளி எறியிறா."

வற்றல் போட்டுத் தருகிறேன் என்று நான் சொன்னது நினைவுக்கு வந்து உடம்பு கூசியது.

அமாவாசைக்கு முதல் நாள் மாமா சந்தையிலிருந்து ஒரு பை நிறைய காத்தோட்டிக்காய் வாங்கி வந்து அடுக்களை வாசலில் வைத்தார். மாமி அதைத் தூக்கிக்கொண்டுபோய்க் கிணற்றுக்கட்டில் வைத்தார். மாமா திரும்ப எடுத்து வந்து வைத்தார். மாமி திரும்பக் கிணற்றுக்கட்டுக்குக் கொண்டுபோனார். கடைசியில் பை கிணற்றடியிலேயே கிடந்தது.

விடிந்தபோது வீட்டில் யாரும் இல்லை. மாமா கீரிமலைக்குப் போய்விட்டார். மாமி சந்நிதிக்கு நடந்துவிட்டார். அடுப்பில் முதல் நாள் சாம்பல். நான் படிக்கலாம் என்று உட்கார்ந்து ஒரு பக்கத்தையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமா ஈரத் தலையோடு, நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். ஆறிய அடுப்பைப் பார்த்தார். கிணற்றுக்கட்டிலிருந்த பையை எடுத்து வந்து, பாதிக் காய்களைச் சுளகில் கொட்டிவிட்டு, அரிவாள்மனையை எடுத்து உட்கார்ந்தார்.

"நான் சமைக்கட்டுமா மாமா?"

"வேண்டாம் பிள்ளை. நான்தான் செய்யவேணும். வெங்காயம் மட்டும் உரிச்சுத் தாரும்."

வாழ்நாளில் அடுக்களைக்குள் வந்து தண்ணீர்கூட எடுத்துக் குடிக்காதவர். விறகை எப்படி அடுக்குவது என்று தெரியவில்லை. புகையில் இருமினார். சோறு அடிப்பிடித்தது. தேங்காய்ப் பால் திரிந்தது. பொட்டு வழியாகத் தங்கம் அக்கா பார்த்துக்கொண்டு நின்றார். ஆண் ஒருவர் சமைக்கும் அடுக்களைக்குள் வரக் கூச்சம். அங்கிருந்தே சொன்னார்.

"அண்ணை, படைக்கிறதை ருசி பாக்கப்படாது. உப்பைக் கண்மட்டாப் போடுங்கோ."

"ஓம், ஓம்."

மாமா ருசி பார்க்கவில்லை. காத்தோட்டியை அவித்து முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் கறி வைக்க வேண்டும் என்பதை அக்கா சொல்லவில்லை. அது அந்த ஊரில் சின்னப் பெண் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த விஷயம். அதைப் போய் யார் சொல்வார்கள்? எனக்கோ வற்றல் போட மட்டும்தான் தெரியும். கறி கரும்பச்சையாகக் கொதித்தது.

வாழையிலையை விரித்தார். சோற்றை வைத்தார். கறியை இலைக்கு எடுக்கப் போன நேரத்தில் மாமி படலையைத் திறந்துகொண்டு வந்தார். சேலைத் தலைப்பில் கோயில் விபூதி முடிந்திருந்தது. புழுதிக் காலோடு நேரே அடுக்களை வாசலுக்கு வந்து நின்றார்.

இலையைப் பார்த்தார். புகையில் சிவந்திருந்த மாமாவின் கண்களைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார். பிறகு குனிந்து, மாமாவின் கையிலிருந்த கரண்டியை வாங்கி, ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கினார்.

"ஐயோ, படைக்க வைச்சதையப்பா!" என்றார் மாமா. பல நாட்களுக்குப் பிறகு அவர்கள் நேரடியாகப் பேசியது அதுதான்.

மாமியின் முகம் சுருங்கியது. "கைக்குது" என்றார்.

மாமா சட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"முதல் தண்ணி ஊத்தேல்லையோ?"

"ஊத்தவேணுமெண்டு எனக்குத் தெரியாது."

"தெரியாதெண்டால்? உதையே அவனுக்கு வைக்கப் போறியள்?" மாமியின் குரல் உடைந்தது. "பாவக்காயே தின்னாத பிள்ளை. இவ்வளவு கைப்பை அவன் எப்பிடித் தின்னுவான்? எழும்புங்கோ. எழும்பி அங்காலை போங்கோ."

சட்டியைத் தூக்கிப்போய் வாழையடியில் கவிழ்த்தார். கிணற்றில் வாளியைப் போட்டுத் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டார், ஒன்று, இன்னொன்று, இன்னும் ஒன்று என்று, நான் போய்ப் போதும் மாமி என்று சொல்லும் வரைக்கும். ஈரச் சேலையோடு அடுப்பு முன் உட்கார்ந்து மிச்சக் காய்களைப் பிளந்தார். விதையை எடுத்தார். அவித்து, தண்ணீரைக் கொட்டி, மறுபடி அவித்து மறுபடி கொட்டினார். தேங்காயைத் துருவிப் பால் பிழிந்தார். ஒரு துண்டு பனங்கட்டியைக் கிள்ளிப் போட்டார். மாமா வாசலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். மாமி அழவில்லை. வேலையில் இருந்தார்.

"பிள்ளை, அந்த அறைக்குள்ளை மேசையிலை அவன்ரை படம் கிடக்கு. எடுத்துக்கொண்டு வாரும்."

எடுத்து வந்தேன். அத்தனை மாதம் நான் படித்த மேசை. அத்தனை மாதம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த முகம். மாமி அதை வாங்கித் தலைப்பால் துடைத்து இலைக்கு முன்னால் சாய்த்து வைத்தார்.

கறி கொதித்து வற்றியது. மாமி கரண்டியால் கொஞ்சம் அள்ளினார். பழக்கத்தில் இடது கை தானாக நீண்டது. உள்ளங்கை விரிந்தது. கரண்டி அதற்கு மேலே வந்து நின்றது.

வெளியே தங்கம் அக்கா பொட்டில் நிற்பது தெரிந்தது.

மாமி கரண்டியைச் சட்டிக்குள் சாய்த்தார். விரித்த கையை மூடி மடியில் வைத்துக்கொண்டார். சட்டியை இறக்கி, ருசி பார்க்காமல், இலையில் பரிமாறினார்.

மத்தியானம் மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தோம். கறியில் கைப்பே இல்லை. உப்பும் இல்லை, போட மறந்திருந்தார். உப்புச் சிரட்டை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஒருவரும் கேட்கவில்லை; அப்படியே சாப்பிட்டு முடித்தோம்.